வீட்டுச் சரிவில் சின்ன டிராக்டர் ஓட்டுவது பற்றி

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே மூன்று ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறீர்கள், வீட்டுக்குப் பின்னால் நிலம் ஓடைவரை சரிந்து இறங்குகிறது. வீட்டை விற்றவரிடமே 23 குதிரைத்திறன் சின்ன டிராக்டர் ஒன்றையும் வாங்கிக்கொண்டீர்கள். முன்னால் லோடர் (மண் அள்ளித் தூக்கும் பக்கெட்டும் அதன் கைகளும்), வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் டெக். நாமக்கல் பக்கம் அப்பாவின் மஹிந்திரா 575 ஓட்டிப் பழகியவர். இந்தச் சரிவில் இதை ஓட்டலாமா, எத்தனை டிகிரி வரை, குறுக்கே ஓட்டுவதா இல்லை மேலும் கீழுமா, ஆறு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

வீட்டை ஒட்டிய மேல்பகுதியில் தாராளமாக ஓட்டலாம். நடுப்பகுதியில் நான் கீழே சொல்வதையெல்லாம் செய்துவிட்டு, காய்ந்த நாளில், மேலும் கீழுமாக மட்டும். ஓடைக்கு மேலே இருக்கும் அந்தச் செங்குத்தான பட்டையில் வேண்டாம், எந்தத் தயாரிப்போடும் வேண்டாம். பையன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதற்கும் பதில் வேண்டாம்தான்.

ஊரில் டிராக்டர் ஓட்டியவர் என்பது பாதி நல்ல செய்தி. பி.டி.ஓ. (மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சுற்றும்போது பக்கத்தில் கால் வைக்கக்கூடாது, கரும்பு லோடு மேட்டில் இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கும் என்பதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீதிப் பாதி அவ்வளவு நல்லதில்லை. உங்கள் கையும் காலும் பழகியது சமநிலத்தில், கிட்டத்தட்ட இரண்டு டன் எடையுள்ள வண்டியில். இது லோடர் இல்லாமல் சுமார் 650 கிலோ. மொத்த அகலமே நாலடி வராது. ஓட்டுகிறவர் 80 கிலோ என்றால் வண்டி எடையில் எட்டில் ஒரு பங்கு அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், 575-ல் அது ஒரு பொருட்டே இல்லை. பார்க்கச் சின்னதாக இருப்பதால் பயமும் வராது. ஊரில் பெரிய டிராக்டரை அநாயாசமாக ஓட்டியவர்கள் இங்கே வந்து இதை அலட்சியமாக ஓட்டுவதை நிறையப் பார்க்கிறேன்.

சரி, முதல் வேலை அளப்பது. "ஒரு 20 டிகிரி இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது கண்மதிப்பு. கீழே நின்று பார்த்தால் ஒரு மாதிரி, மேலே நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். கொத்தனார் வைத்திருக்கும் நாலடி ரசமட்டம் ஒன்று வாங்குங்கள். மேல் முனையைத் தரையில் ஊன்றி, கீழ் முனையைத் தூக்கிக் குமிழ் நடுவுக்கு வரும் இடத்தில் பிடித்துக்கொண்டு, தரைக்கும் அந்த முனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்துப் பாருங்கள். எட்டரை அங்குலம் வந்தால் 10 டிகிரி, 13 அங்குலம் வந்தால் 15 டிகிரி, பதினேழரை வந்தால் 20. போனிலேயே சாய்வு அளக்கும் ஆப் இருக்கிறது, ஒரு நேரான பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் போனை வைத்தால் போதும். ஓர் இடத்தில் அளந்து நிறுத்திவிடாமல் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்து, 15-க்கு மேல் காட்டும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கொடி நட்டுவிடுங்கள்.

டிகிரியையும் சதவீதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 100 சதவீதம் என்றால் செங்குத்துச் சுவர் இல்லை, 45 டிகிரி. பிட்ஸ்பர்க்கின் பீச்வியூ பகுதியில் இருக்கும் கேன்டன் அவென்யூவைப் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் ஒருநாள் போய்ப் பாருங்கள். அமெரிக்காவின் மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. அதன் சரிவு 37 சதவீதம், டிகிரியில் சுமார் 20. அந்தத் தெருவில் தார், கல்லுக்குப் பதிலாக ஈரப்புல் இருந்தால் எப்படியோ, அதுதான் நீங்கள் சொல்லும் 20 டிகிரி.

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளின் கையேடுகளில் 15 டிகிரிக்கு மேல் போகாதே என்று போட்டிருப்பது வழக்கம். என் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். 10 டிகிரிக்குள் சாதாரண ஜாக்கிரதை போதும். 10-லிருந்து 15 வரை தயாரிப்போடு. அதற்கு மேல் இந்த வண்டிக்கு வேலை இல்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் கையேடு சொல்வதைக் கேளுங்கள், என்னை விடுங்கள்.

ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. ரசமட்டம் காட்டுவது அசையாத தரையை. சின்ன டிராக்டர் குடைசாய்வது பெரும்பாலும் சரிவினால் மட்டும் இல்லை, சரிவோடு ஒரு குழியோ கல்லோ சேர்வதால். கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்துக்குச் சக்கரம் சுமார் மூன்றடி. 15 டிகிரி சரிவில் குறுக்கே போகிறீர்கள், மேல்பக்கச் சக்கரம் நாலு அங்குல வேர் மேல் ஏறுகிறது, அதே நேரம் கீழ்ப்பக்கச் சக்கரம் நாலு அங்குலக் குழியில் இறங்குகிறது. மூன்றடிக்கு எட்டு அங்குலம் என்பது இன்னொரு 12 டிகிரி. ஒரு நொடியில் 27 டிகிரியில் இருக்கிறீர்கள், அதுவும் ஆட்டத்தோடு. இதனால்தான் டேஷ்போர்டில் ஒட்டும் சாய்வுமானியை நான் பெரிதாக நம்புவதில்லை. அதன் முள் ஆபத்தைக் காட்டும்போது காரியம் முடிந்திருக்கும்.

குழி என்றதும், பென்சில்வேனியாவில் நீங்கள் முதலில் தேட வேண்டியது கிரவுண்ட்ஹாக் என்ற, மண்ணைத் தோண்டி வாழும் பிராணியின் வளை. பிப்ரவரி 2ஆம் தேதி பன்க்ஸடானியில் மேடை போட்டுக் கொண்டாடுகிறார்களே, அதே பிராணிதான். சரிவில் மண் வடியும் என்பதால் அங்கேதான் தோண்டும். ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய் இருக்கும், கோடையில் புல் மூடி எதுவும் தெரியாது. அதனால் சீசனில் முதல்முறை வெட்டுவதற்கு முன்னால், ஏப்ரலில் புல் கணுக்கால் உயரம் வருவதற்குள், சரிவு முழுக்க நடந்துவிடுங்கள். குழிகளை மண்ணும் கல்லும் போட்டு அடைத்து, அடைத்த இடத்திலும் கொடி நடுங்கள், ஏனென்றால் அது திரும்பத் தோண்டும்.

அடுத்தது எடை எங்கே இருக்கிறது என்பது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். டிராக்டரின் முன் ஆக்சிலைக் குனிந்து பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பின்னில் (தடித்த இரும்பு முளையில்) மாட்டியிருக்கும், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும். மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொடவேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதன் விளைவு என்னவென்றால், பக்கவாட்டில் சாயும்போது முன்சக்கரம் இரண்டும் முதலில் எந்த உதவியும் செய்யாது. வண்டி நிற்பது பின்சக்கரம் இரண்டு, முன்னால் அந்தப் பின் ஒன்று, ஆக மூன்று புள்ளிகளில். நாலு கால் வண்டி மாதிரி தெரிந்தாலும் அது முக்காலிதான், அதுவும் ஒற்றைக் கால் முன்னால் இருக்கும் முக்காலி. எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை நிற்கும், வெளியே போனால் சாயும்.

இப்போது லோடர் பக்கெட்டில் மண்ணை அள்ளுங்கள். எடையின் மையம் முன்னால் நகர்கிறது. முக்கோணம் முன்னால் போகப்போகக் குறுகுமில்லையா, அதனால் பக்கவாட்டில் உங்களுக்கு இருந்த இடம் குறைந்துவிட்டது. பக்கெட்டைத் தூக்கினால் மையம் மேலேயும் போகிறது, இரட்டை நஷ்டம். பக்கெட்டைத் தாழ்வாக வைத்திருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறவர்கள் முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள். தாழ்வாக இருந்தாலும் எடை முன்னால்தான் இருக்கிறது. எனவே நிறைந்த பக்கெட்டோடு சரிவில் குறுக்கே போகக்கூடாது, 5 டிகிரியானாலும் சரி.

புல் வெட்டும்போது லோடரே எதற்கு? உங்கள் வண்டி வகையில் இரண்டு பின்னை உருவி, ஹைட்ராலிக் ஹோஸ்களைக் கழற்றி, லோடரை அப்படியே தரையில் விட்டுவிட்டுப் பின்னால் வந்துவிடலாம், சில நிமிட வேலை. சோம்பல்பட்டு எல்லோரும் அதை மாட்டியபடியே வெட்டுகிறார்கள். கழற்றினால் பின்சக்கரத்தின் பிடி கூடும், திரும்ப இடம் கிடைக்கும், முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து வருவதுதான் நாமக்கல் அனுபவம் கைகொடுக்காத இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் வண்டியில், பெடலிலிருந்து காலை எடுத்தால் நிற்கிறதே, அந்தப் பிடியும் 2 வீல் டிரைவில் இருக்கும்போது பின்சக்கரத்துக்கு மட்டும்தான். சரிவில் இறங்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. முன்னால் பக்கெட்டில் ஜல்லி, பின்னால் ஒன்றும் இல்லை என்றால் இன்னும் லேசாகிறது. ஒரு கட்டத்தில் பின்டயர் புல்லைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், அழுத்தாது. அப்போது பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. இன்னும் பலமாக மிதித்தாலும் அதேதான், அங்கே பிடிப்பதற்கு எடையே இல்லை. முன்சக்கரங்கள் சுதந்திரமாக உருளும். வேகம் கூடும். பயத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் பக்கவாட்டில் போய் அங்கே கவிழும். பிரேக் ஃபெயிலாகிவிட்டது என்று பிற்பாடு சொல்வார்கள், பிரேக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இதற்கு மருந்து 4 வீல் டிரைவ். அந்த லீவரைப் போட்டுவிட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுவிடும். பின்சக்கரத்துக்குக் கிடைக்கும் பிரேக்கும் எஞ்சின் பிடியும் முன்சக்கரத்துக்கும் போகும், எடை இருக்கும் பக்கம் பிடி கிடைக்கும். சகதியில் மாட்டினால் போடுவது என்றுதான் நாம் இதை நினைத்துக்கொண்டிருக்கிறோம், சரிவில் இதன் முதல் வேலை நிறுத்துவது. கெட்டியான சமதளத்தில் 4 வீலில் திருப்பினால் டயரும் கியரும் தேயும் என்பதால் டிரைவ்வேயில் எடுத்துவிடச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் டிரைவ்வேயில் எடுத்ததைப் புல்லில் இறங்கும்போது திரும்பப் போட மறப்பதுதான் வழக்கமான கதை. உங்கள் டிரைவ்வேயே சரிவு என்பதால் அங்கேயும் எடுக்காதீர்கள், டயர் கொஞ்சம் தேய்ந்தால் தேயட்டும்.

இன்னொன்று, சரிவின் நடுவில் லோ ரேஞ்சிலிருந்து ஹை ரேஞ்சுக்கு லீவரை நகர்த்தவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்கிறது. லீவர் அங்கே வந்த கணத்தில் ஹைட்ரோஸ்டாட்டிக் பிடி போய்விடும், வண்டி உருள ஆரம்பிக்கும், உருளும் வண்டியில் லீவர் திரும்ப உள்ளே விழாது, கரகரவென்று சத்தம் மட்டும் வரும். 575-ல் ஓடும்போதே கியர் மாற்றிப் பழகிய கை இது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். மேலே சமமான இடத்திலேயே லோ போட்டு, 4 வீல் போட்டு, அதன் பிறகு இறங்குங்கள். கீழே சமமான இடம் வரும்வரை அந்த இரண்டையும் தொடாதீர்கள். இடது வலது பிரேக் பெடல் தனித்தனியாக இருக்கும் வண்டியென்றால் இரண்டையும் இணைக்கும் கொக்கியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சரிவு இல்லை, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரோல்பார், வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம். மடக்கியிருக்கிறது. பெல்ட் சீட்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது, அதன்மேல் காய்ந்த புல் படிந்திருப்பதைப் பார்த்தால் பழைய சொந்தக்காரர் ஒருநாள்கூடப் போட்டதாகத் தெரியவில்லை. கராஜ் கதவு உயரம் பத்தவில்லை என்று மடக்கி, அப்படியே விட்டிருப்பார்.

ரோல்பாரும் பெல்ட்டும் சேர்ந்துதான் ஒரு பாதுகாப்பு, தனித்தனியாக இரண்டுமே அரைகுறை. பார் நிமிர்ந்திருந்தால் வண்டி பெரும்பாலும் கால்வட்டம் சாய்ந்து அதோடு நிற்கும், பாருக்கும் தரைக்கும் நடுவில் ஆளுக்கு ஓர் இடம் மிஞ்சும். பெல்ட் போட்டிருந்தால்தான் அந்த இடத்துக்குள் இருப்பீர்கள், இல்லையென்றால் வெளியே விழுந்து, அதே பாருக்கு அடியில் சிக்குவீர்கள். இரண்டும் சேர்ந்தால் குடைசாய்ந்து சாவதை 99 சதவீதம் தடுக்கிறது என்பது இந்த நாட்டுப் பண்ணைப் பாதுகாப்புக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களில் கம்பெனிகளே இதைப் பொருத்தி விற்க ஆரம்பித்தது 1985-ல்தான், அதற்கு முந்தைய வண்டிகளும், ஜப்பானிலிருந்து பழசாக இறக்குமதியான சின்ன வண்டிகளும் பார் இல்லாமல் இன்னும் ஓடுகின்றன. உங்களுடையது புதிய ரகம், பார் இருக்கிறது. நிமிர்த்தி, பின்னைச் செருகி, கொக்கியையும் மாட்டுங்கள். அடியில் இருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா, யாராவது ஓட்டை போட்டோ வெல்டிங் செய்தோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி ஏதாவது இருந்தால் புதுசு வாங்கி மாட்ட வேண்டும், ஒட்டுப்போடும் சாமான் இல்லை அது.

ஒரே ஒரு விதிவிலக்கு. பார் மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக்கூடாது. கவிழ்ந்தால் வண்டியோடு சேர்த்துக் கட்டிவைத்த கதையாகிவிடும். ஆக, கராஜிலிருந்து வெளியே வந்து, பாரை நிமிர்த்தி, பெல்ட்டைப் போட்டு, அப்புறம் சரிவுக்கு.

குறுக்கேயா, மேலும் கீழுமா? தள்ளிக்கொண்டு போகும் மோவருக்குக் குறுக்கே, கால் வழுக்கினால் பிளேடுக்கு அடியில் போகாமல் இருக்க. உட்கார்ந்து ஓட்டும் டிராக்டருக்கு மேலும் கீழும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அநேகம். மேலும் கீழுமாகப் போவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கனமான முனை எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்கவேண்டும். பின்னால் ஏதாவது கனமாகத் தொங்கினால் ரிவர்ஸில் ஏறி, முன்னோக்கி இறங்குங்கள். முன்னால் பக்கெட் நிறைந்திருந்தால் முன்னோக்கி ஏறி, ரிவர்ஸில் இறங்குங்கள், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. திருப்புவது சமமான இடத்தில் மட்டும். அங்கே இடம் இல்லையென்றால் திருப்பாமல் வந்த வழியே ரிவர்ஸில் திரும்பி வாருங்கள். வேகம் இருமடங்கானால் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் நடந்து போகும் வேகம்தான்.

மேட்டில் முன்னோக்கி ஏறும்போது நின்றுவிட்டால் பெடலைச் சடாரென்று அழுத்தாதீர்கள். பின்பக்கமாகக் கவிழ்வது கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். முன்சக்கரம் தூக்க ஆரம்பித்து முக்கால் நொடிக்குள் திரும்ப முடியாத புள்ளியைத் தாண்டிவிடும், ஒன்றரை நொடியில் வண்டி மேலே கிடக்கும். மனிதனால் அதற்குள் காலை எடுக்க முடியாது. மரக்கட்டை, வேர் எதையாவது சங்கிலி போட்டு இழுக்கப் போகிறீர்கள் என்றால் பின்னால் கீழே இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் (பின்னால் கருவி மாட்டும் மேல் கம்பி), ரோல்பார், ஆக்சிலுக்கு மேலே இருக்கும் எதிலும் மாட்டி இழுத்தால் வண்டியை நீங்களே பின்பக்கமாகச் சுருட்டிவிடுவீர்கள். சரிவில் அந்த வேலையையே செய்யாமல் இருப்பது இன்னும் நல்லது.

எடை சேர்ப்பது பற்றி. நம்மூரில் பின்டயருக்குத் தண்ணீர் ஏற்றுவார்களே, அதே வித்தைதான் இங்கேயும், ஆனால் வெறும் தண்ணீர் ஏற்றினால் ஜனவரியில் டயருக்குள் பனிக்கட்டி இருக்கும். உறையாத திரவம் வேண்டும். பீட்ரூட் சாறு கலந்த ஒரு திரவம் விற்கிறார்கள், தண்ணீரைவிடக் கனம், ரிம்மை அரிக்காது, விலைதான் கொஞ்சம் கூட. கால்சியம் குளோரைடு கரைசலும் கனமானதே, ஆனால் ட்யூப் இல்லாத டயரில் ரிம்மைத் தின்றுவிடும். முக்கால்வாசி நிரப்புவார்கள், உங்கள் டயர் அளவுக்கு ஒரு சக்கரத்துக்கு ஐம்பது அறுபது கிலோ கூடும். எடை தரைக்குப் பக்கத்திலேயே, சக்கரத்துக்குள்ளேயே இருப்பதுதான் இதன் அழகு. அதோடு பின்சக்கரத்துக்கு ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் இடைத்துண்டு) போட்டு ஒரு பக்கத்துக்கு 2 அங்குலம் அகட்டலாம், முக்கோணத்தின் அடி அகலமாகும். உங்கள் மாடலுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று டீலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். லோடர் வேலை செய்யும் நாளில் பின்னால் கருவி மாட்டும் த்ரீ பாயிண்ட் ஹிட்ச்சில் பேலஸ்ட் பெட்டி, அதாவது எடைக்காக மட்டும் மாட்டும் பெட்டி, கட்டாயம்.

இத்தனையும் செய்தால் நடுப்பகுதியை வெட்டலாம். செய்தபிறகு தைரியம் வந்து கீழ்ப்பட்டைக்குப் போகக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

ஈரம் இருந்தால் கணக்கு முழுக்க மாறும். பிட்ஸ்பர்க் மண் களிமண், மழை நின்ற பிறகும் அடியில் ஈரம் போகாது. காலையில் பனித்துளி காயும்வரை காத்திருங்கள், பதினொன்று பன்னிரண்டு மணிக்கு மேல் பாருங்கள். அக்டோபரில் மேப்பிள் இலை கொட்டிக்கிடக்கும்போது இன்னும் மோசம், மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் இலை வழவழவென்று இருக்கும். உங்கள் டயர் அகலக் கட்டை வைத்த ஆர்4 ரகம் என்று படத்தில் தெரிகிறது, மண்ணிலும் கல்லிலும் சரி, ஈரப்புல்லில் சுமார்தான். பனிக்காலத்தில் அந்த டிரைவ்வேயைத் தள்ளப் போகிறீர்கள் என்றால் பின்டயருக்குச் சங்கிலி இல்லாமல் போகாதீர்கள்.

வீட்டு நிலம் என்பதால் வயலில் இல்லாத சில தொந்தரவுகள் இருக்கின்றன. ஓடைக்கரையோ வடிகாலோ எவ்வளவு ஆழமோ, விளிம்பிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி ஓட்டுங்கள், ஆறடி ஆழமென்றால் ஆறடி. மண் உள்ளுக்குள் அரித்திருப்பது மேலிருந்து தெரியாது. தாங்குசுவரின் தலைமாட்டிலும் அதே எச்சரிக்கை. செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது, அதன் கழிவுநீர் மண்ணில் இறங்கும் வடிகால் வயல் எது என்று வீட்டுப் பத்திரங்களில் பார்த்து அதன்மேல் டிராக்டரை விடாதீர்கள்.

பையன். நம்மூரில் மட்கார்டில் ரெண்டு பேர், டிராபாரில் ஒருத்தர் நிற்காத டிராக்டரே கிடையாது, நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம் என்பது தெரியும். இந்த வண்டியில் ஒரு சீட், ஒரு பெல்ட். மடியில் இருக்கும் குழந்தை பெல்ட்டுக்கு வெளியே இருக்கிறது, ஒரு குலுக்கலில் முன்னால் விழும், அடியில் பிளேடு சுற்றுகிறது. ஓட்டும்போது வெளியே விளையாடவும் வேண்டாம், ரிவர்ஸில் வெட்டும்போது பின்னால் ஓடிவரும் குழந்தைதான் நான் மிகவும் பயப்படும் விஷயம். டெக் சுற்றும்போது ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் அணைந்துவிடும் ஏற்பாடு இருந்தால் அதைக் கழற்றிவிடச் சொல்லும் யூட்யூப் வீடியோக்களைப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, சமமான இடத்தில் அவனை உட்காரவைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள்.

வழுக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்டியரிங்கைக் கீழ்நோக்கி நேராக்குங்கள், குறுக்கே திரும்பவிடாதீர்கள். லோடர் மாட்டியிருந்தால் பக்கெட்டைத் தரையில் இறக்குங்கள், அதைவிட நல்ல பிரேக் இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்றால் பெடலை லேசாக முன்னோக்கித் தொட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டால் பிடி திரும்ப வரும், பிறகு மெல்லக் குறைக்கலாம். சாய ஆரம்பித்துவிட்டால் குதிக்காதீர்கள். பார் நிமிர்ந்து, பெல்ட் போட்டிருக்கும்போது வண்டியைவிட வேகமாகக் குதித்துத் தப்ப முயல்வதுதான் ஆளைக் கொல்லும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருங்கள்.

கடைசியாக அந்தக் கீழ்ப்பட்டை. அதற்கு நாலு வழி இருக்கிறது. சரிவுக்கென்றே செய்த வண்டிகள் உண்டு, வென்ட்ராக் 4500-ஐ இரட்டைச் சக்கரத்தோடு 30 டிகிரி வரை ஓட்டலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் அதன் விலைக்கு நீங்கள் நல்ல கார் வாங்கலாம், அரை ஏக்கருக்காக அதை யாரும் வாங்கமாட்டார்கள். ரிமோட்டில் ஓடும் மோவர் வைத்திருப்பவர்களை வருடத்துக்கு இரண்டுமுறை கூப்பிடலாம். இந்தப் பக்கத்தில் ஆடுகளை வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள், வேலி போட்டு இறக்கிவிட்டால் கொடி, முள் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போய்விடும், கேட்டால் அப்பா சிரிப்பார்.

எனக்குப் பிடித்தது நாலாவது, அங்கே வெட்டவேண்டிய அவசியமே இல்லாமல் செய்வது. வெட்டிவேர் நட்டால் என்ன என்று உங்களுக்கு உடனே தோன்றும், எனக்கும் தோன்றியது, இந்த ஊர்க் குளிரில் அது பிழைக்காது. லிட்டில் புளூஸ்டெம், ஸ்விட்ச்கிராஸ் போன்ற உள்ளூர்ப் புற்கள் வேர் ஆழமாக விடும், வருடத்துக்கு ஒருமுறை வீட் டிரிம்மரால் வெட்டினால் போதும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள், டிராக்டரில் பாக்ஸ் பிளேடு (மண்ணைச் சுரண்டி இழுக்கும் கருவி) மாட்டி அந்தச் சரிவை வெட்டிப் படிக்கட்டாக்குகிறேன் என்று இறங்காதீர்கள். இங்கே களிமண் சரிவின் அடிவாரத்தை வெட்டினால் மேலே இருப்பது வரும். 2018 ஏப்ரலில் ஈஸ்ட் பிட்ஸ்பர்க்கில் ரூட் 30 நெடுஞ்சாலையில் ஒரு பகுதியே சரிந்து, கீழே இருந்த அபார்ட்மென்ட் கட்டடத்தை நாசமாக்கியது. அந்த வருடம் பேய் மழை. உங்கள் ஓடைக்கு மேலே இருப்பது உங்கள் வீடு, அதனால் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் மண் தெரிந்த ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள், எதைத் தோண்டுவதானாலும், அடியில் போகும் குழாய், கேபிள்களைக் குறித்துக்கொடுக்கும் 811-க்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள்.

அளந்த எண்களையும் கொடி நட்ட பிறகு எடுத்த படத்தையும் போடுங்கள், நடுப்பகுதியில் எந்த வரிசையில் வெட்டுவது, எங்கே திருப்புவது என்று பார்த்துச் சொல்கிறேன்.